பாங்காக்: ஆற்றையும் ரயிலையும் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாங்காக்குக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எந்த ஸ்டேஷன் பக்கத்துல?" என்று. அந்த ஊரை அனுபவிப்பதும் அல்லாடுவதும் பெரும்பாலும் இந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் சாலையில் கார் நகராது. ஆனால் தலைக்கு மேலே பிடிஎஸ் ரயில் ஓடுகிறது, தரைக்கு அடியில் எம்ஆர்டி ஓடுகிறது, ஊரின் நடுவே சாவ் பிரயா ஆறு போகிறது. ஆற்றுக்கு அவர்கள் மொழியில் 'மே நாம்', அதாவது தண்ணீரின் தாய் என்று பெயர். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் வயதான அம்மாவையும் சின்னக் குழந்தையையும்கூட நிம்மதியாக அழைத்துப் போகலாம். நான் அம்மாவோடு போய் வந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஐந்து நாள் என்று கணக்கு வைத்து எழுதுகிறேன். மூன்று நாள்தான் இருக்கிறது என்றால், கடைசி இரண்டை விட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் நடக்க முடியும். ஏப்ரல் நம் அக்னி நட்சத்திரம் மாதிரி கொளுத்தும். ஆனால் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரை முதல் நாளும் அதே வாரத்தில்தான் வருகிறது, இரண்டுமே சூரியன் மேஷத்துக்குள் நுழைவதை ஒட்டிய கணக்கு. அந்த மூன்று நாளும் தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். அதற்காகவே போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். கோயில்களைப் பொறுமையாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது சரியான வாரம் இல்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை பலமாக இருக்கும்.

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2024 ஜூலையில் இந்தியா, இலங்கை உட்படப் பல நாட்டவர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று அறிவித்தார்கள். இந்த விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் டிக்கெட் போடும் முன்பு தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். ஊர் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி இரண்டையும் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் முழங்கால் மூடும் உடையும் தோள் மூடும் சட்டையும் இருக்கட்டும், கோயில்களுக்கு அது இல்லாமல் முடியாது. சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு ஒன்று வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வாசலில் கழற்றுவீர்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இ-சிகரெட் அந்த நாட்டில் தடை செய்யப்பட்டது, பையில் வைத்திருந்தாலே சிக்கல்தான்.

இறங்கியதும்

சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம் போலப் பறந்தால் வந்துவிடும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள். இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. பெரியது சுவர்ணபூமி. ஆம், நம் வாயில் வரும் அதே சுவர்ணபூமிதான், ஆனால் அவர்கள் உச்சரிப்பில் 'சுவண்ணபூம்'. குறைந்த கட்டண விமானங்கள் பல, பழைய நிலையமான டான் முவாங்கில் இறங்கும். எதில் இறங்குகிறீர்கள் என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது தவறான நிலையத்துக்குப் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் விமானம் போய்விடும்.

சுவர்ணபூமியில் வெளியே வந்ததும் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். ஏர்போர்ட் ரயிலுக்குப் போகும் வழியில் பணம் மாற்றும் சின்னக் கவுன்ட்டர்கள் வரிசையாக இருக்கும். மேல்தளத்து வங்கிக் கவுன்ட்டர்களைவிட அங்கே விலை நன்றாகக் கிடைக்கும். ரூபாயைவிட டாலராகக் கொண்டுபோனால் லாபம். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் பிடிக்கிறார்கள், அதனால் எடுப்பதாக இருந்தால் ஒரே தடவையாக எடுங்கள். சிம் கார்டையும் அங்கேயே வாங்கிவிடலாம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.

ரயில் பயா தாய் வரை போகும். அதிகபட்சக் கட்டணம் 45 பாத், அரை மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். மக்காசன் நிலையத்தில் எம்ஆர்டிக்கும் பயா தாயில் பிடிஎஸ்ஸுக்கும் மாறலாம். நள்ளிரவையொட்டி ரயில் நின்றுவிடும். அந்த நேரத்தில் இறங்கினால் டாக்சிதான். வாசலில் உள்ள இயந்திரத்தில் டோக்கன் எடுத்து, அதில் வரும் எண்ணுள்ள வண்டிக்குப் போங்கள். மீட்டர் 35 பாத்தில் தொடங்கும், அதன் மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாத், சுங்கம் தனி. உள்ளே ஆட்களைத் தேடி வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுபவர்களோடு போகவேண்டாம். டான் முவாங்கிலிருந்து சிவப்புப் பாதை ரயில் இருக்கிறது, மோ சிட் பிடிஎஸ் நிலையத்துக்கு ஏ1 பேருந்தும் இருக்கிறது.

எங்கே தங்குவது

நான் சிபாரிசு செய்வது சீலோம், சபான் தாக்சின் பகுதி. சபான் தாக்சின் பிடிஎஸ் நிலையத்துக்குக் கீழேயே சாத்தோன் படகுத்துறை இருக்கிறது. காலையில் எழுந்து பத்து நிமிடத்தில் ஆற்றில் இருக்கலாம். நடக்கும் தூரத்தில் மாரியம்மன் கோயில், அதைச் சுற்றி இட்லி தோசை கிடைக்கும் கடைகள். பழைய நகரத்தைத்தான் அதிகம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சாம் யோட் அல்லது வாட் மங்கோன் எம்ஆர்டி பக்கம் தங்குங்கள். அதிகாலை விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்குப் பயா தாய் வசதி.

காவ் சான் தெரு உலகம் முழுக்கப் பெயர் பெற்றது, ஆனால் வாசலில் ரயில் இல்லை, இரவெல்லாம் சத்தம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வேண்டாம். பிரதுனாமில் துணி வாங்கப் போகும் நம் வியாபாரிகள் பலர் தங்குகிறார்கள். அங்கே ஹோட்டல் மலிவு, ஆனால் வாசலில் இறங்கினால் நெரிசல்.

ஊருக்குள் போய்வர

பிடிஎஸ் 1999 டிசம்பரிலும் எம்ஆர்டி 2004லும் ஓடத் தொடங்கின. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வெளியே வந்து மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். பெயரும் மாறும்: பிடிஎஸ்ஸில் அசோக் என்றால் அதே இடம் எம்ஆர்டியில் சுகும்வித், பிடிஎஸ்ஸில் சாலா தேங் என்றால் எம்ஆர்டியில் சீலோம், பிடிஎஸ்ஸில் மோ சிட் என்றால் எம்ஆர்டியில் சத்துசாக் பார்க். இந்த மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். எம்ஆர்டி நீலப் பாதையில் விசா, மாஸ்டர்கார்ட் அட்டையை நேராகக் கதவில் தட்டிவிட்டுப் போகலாம். பிடிஎஸ்ஸுக்கு 'ராபிட்' அட்டை வாங்கிக்கொண்டால் வரிசையில் நிற்க வேண்டாம். ரயில் பெட்டியில் குளிர் அதிகம். அம்மா இரண்டாம் நாளே துண்டைப் போர்த்திக்கொண்டுதான் ஏறினார்.

படகுக்கு வருவோம். துறையில் பல நிறக் கொடி கட்டிய படகுகள் வரும். ஆரஞ்சுக் கொடிப் படகு ஊர் மக்கள் ஏறுவது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 16 பாத். நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கானது, விலை அதிகம். சாத்தோன் துறையில் நீலத்துக்கு டிக்கெட் விற்பவர்கள் முன்னால் நிற்பார்கள். சிரித்துவிட்டு ஆரஞ்சு வரிசைக்குப் போங்கள். ஏறியதும் நடத்துநர் அம்மா கையில் நீளமான தகர உருளையோடு வருவார். அதற்குள் சில்லறையும் டிக்கெட் சுருளும் இருக்கும். மூடியைத் திறந்து மூடி 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே வருவார், அந்தச் சத்தம் கேட்டால் பணத்தைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். துறை நெருங்கும்போது பின்னால் நிற்கும் ஆள் விசில் அடிப்பார். ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது, அந்த விசிலின் நீளத்தைக் கேட்டுத்தான் படகை ஒட்டி நிறுத்துகிறார். படகு நிற்பது சில விநாடிதான். பெரியவர்களோடு போனால் முன்கூட்டியே பின்வாசல் பக்கம் வந்து நின்றுவிடுங்கள்.

இன்னொரு படகும் உண்டு. சேன் சேப் என்ற வாய்க்காலில் ஓடுவது. தங்க மலை என்ற குன்றுக் கோயிலுக்கு அருகில் பான்ஃபா துறையில் ஏறினால் பிரதுனாம் வரை சில பாத்தில் வந்துவிடலாம். தண்ணீர் நாறும், தெறிக்கவும் செய்யும். ஓரத்தில் உட்காருபவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிக்கொள்வார்கள். வீடுகளின் கொல்லைப்புறம், காயப்போட்ட துணி, துளசிச் செடித் தொட்டி என்று ஊரின் மறுபக்கம் தெரிவது அந்த வழியில்தான்.

துக்-துக்கில் ஒருமுறை ஆசைக்கு ஏறுங்கள், ஏறும் முன் விலை பேசிவிடுங்கள். மற்ற நேரத்தில் டாக்சி வேண்டுமென்றால் கிராப், போல்ட் செயலிகளில் விலை முன்னமே தெரியும்.

முதல் முழு நாள்: அரண்மனை, வாட் போ, வாட் அருண்

காலை 8.30க்கு அரண்மனைக் கதவு திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கூட்டமும் வெயிலும் சேர்ந்து வாட்டும். ஆரஞ்சுப் படகில் தா சாங் துறையில் இறங்கி நடந்தால் சில நிமிடம்தான். வெளிநாட்டவர்களுக்குக் கட்டணம் 500 பாத்.

இந்த நடையில்தான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மதில் ஓரமாகப் போகும்போது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "அரண்மனை இன்று மூடியிருக்கிறது, மதியம்தான் திறப்பார்கள், அதற்குள் வேறு கோயில் காட்டுகிறேன், 20 பாத்தில் துக்-துக்" என்பார். என்னிடமும் வந்தார். பேச்சு அவ்வளவு மரியாதையாக இருந்ததால் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். அம்மாதான், "மூடியிருந்தா மூடின கதவைப் பார்த்துட்டு வருவோம், நடப்பா" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. அந்த துக்-துக்கில் ஏறியிருந்தால் ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும் அரை நாள் போயிருக்கும். யார் என்ன சொன்னாலும் வாசல் வரை போய்ப் பாருங்கள்.

1782இல் மன்னர் முதலாம் ராமா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை அமைத்தபோது கட்டத் தொடங்கியது இந்த அரண்மனை. தலைநகருக்கு அவர்கள் சொல்லும் பெயர் குருங் தேப், 'தேவர்களின் நகரம்'. முழுப்பெயர் உலகத்திலேயே நீளமான ஊர்ப்பெயர். அதற்குள் இந்திரனும் விஸ்வகர்மாவும் வருகிறார்கள். உள்ளே இருக்கும் வாட் பிரா கியோ கோயிலில் மரகத புத்தர் என்று அழைக்கப்படும் சிலை இருக்கிறது. பெயர்தான் மரகதம், கல் பச்சை நிற ஜேட் வகை. உயரம் சுமார் 66 செ.மீ.தான், அண்ணாந்து பார்க்கும் இடத்தில் அமர்ந்திருக்கிறார். கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை அரசரே உடை மாற்றுகிறார். உள்ளே படம் எடுக்கக்கூடாது.

பெரும்பாலோர் புத்தரைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் சுற்றியுள்ள திருச்சுற்று மண்டபத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் செலவிடுங்கள். சுவர் நெடுக 178 ஓவியங்களில் ராமகியென், அதாவது அவர்களுடைய ராமாயணம். ராவணன் அங்கே தோட்சகன், தசகண்டன் என்ற பெயரின் திரிபு. அனுமன் நாம் அறிந்த பிரம்மச்சாரி இல்லை, அவருக்குக் காதலிகள் உண்டு. இதைப் பார்த்து அம்மா முதலில் முகம் சுளித்தார். ஆனால் அனுமன் தன் உடலையே பாலமாக நீட்டிப் படையைக் கடக்கவிடும் ஓவியத்தின் முன் அவர்தான் அதிக நேரம் நின்றார். தங்க ரேகை ஒவ்வொன்றும் மயிரிழை அளவு. சேனையில் நூறு குரங்கு இருந்தால் நூறுக்கும் முகம் வேறு.

அரண்மனைக்குத் தெற்கே பத்து நிமிடம் நடந்தால் வாட் போ கோயில். கட்டணம் 300 பாத். சயன புத்தர் 46 மீட்டர் நீளம். கட்டடம் சிலையை ஒட்டியே கட்டியிருப்பதால் முழுதாக ஒரே பார்வையில் பார்க்க முடியாது. தூண்களுக்கு இடையே முகம், தோள், இடுப்பு என்று நடந்து நடந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதத்துக்குப் போய் நில்லுங்கள். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப்பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒரு சின்னக் கிண்ணம் நிறையச் சில்லறையைக் காணிக்கை கொடுத்து வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். 'ணிங் ணிங்' என்ற அந்த ஓசை மண்டபம் முழுக்க நிரம்பியிருக்கும். வெளியே தோட்டத்தில் உடலை முறுக்கி உட்கார்ந்திருக்கும் ரிஷி சிலைகளைத் தேடிப் பாருங்கள், அவர்களும் அதை ரிஷி என்ற சொல்லின் வழியே 'ருசி' என்றுதான் சொல்கிறார்கள். தாய்லாந்து மசாஜ் கற்றுத்தரும் பள்ளியும் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. அந்தக் கலை 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலையெல்லாம் நடந்த காலுக்கு அங்கே அரை மணி நேரம் பிடித்துவிட்டால் மாலை வரை தாங்கும்.

அப்புறம் தா தியன் துறையிலிருந்து கடத்துப் படகில் எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண், அருணன் பெயரில் உள்ள விடியல் கோயில். கட்டணம் 200 பாத். கோபுரம் முழுக்க உடைந்த சீனக் கிண்ணங்களையும் தட்டுகளையும் பதித்துப் பூவாக்கியிருக்கிறார்கள். மேலே மாடங்களில் ஐராவதத்தின் மேல் இந்திரன் இருக்கிறார். படிகள் மிகச் செங்குத்து, மூட்டுவலி உள்ளவர்கள் ஏறவேண்டாம், கீழே நின்று பார்த்தாலே போதும். பார்த்துவிட்டுத் திரும்பவும் இந்தக் கரைக்கு வந்துவிடுங்கள். விடியல் கோயில் என்று பெயர் இருந்தாலும், சூரியன் அதன் பின்னால் இறங்கும்போது தா தியன் பக்கம் இருந்து பார்ப்பதுதான் அழகு.

இரண்டாம் நாள்: ஊஞ்சலும் திருவெம்பாவையும்

சாம் யோட் எம்ஆர்டியில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் சாவ் சிங் சா, பெரிய ஊஞ்சல். ஊஞ்சல் பலகை இப்போது இல்லை. சிவப்புத் தேக்குத் தூண்கள் மட்டும் 21 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. ஆண்டுதோறும் சிவன் பூமிக்கு வரும் நாட்களில் ஆட்கள் வானளாவ ஆடிப் பணமுடிப்பைப் பல்லால் பிடிப்பார்களாம். 1935க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள்.

நமக்கு முக்கியமானது பக்கத்துத் தெருவில் இருக்கிறது. தேவஸ்தான், 1784இல் கட்டிய பிராமணக் கோயில். சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் மூன்று சன்னதிகள். அரண்மனைச் சடங்குகளை நடத்தும் பிராமணர்கள் இங்கே இருக்கிறார்கள், வெள்ளை உடையும் குடுமியும். அந்த ஊஞ்சல் திருவிழாவுக்கு அவர்கள் வைத்த பெயர் திரியம்பவாய் திரிபவாய். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: திருவெம்பாவை, திருப்பாவை. நம் மார்கழிப் பாட்டு கடல் தாண்டிப் போய் ஒரு நாட்டின் அரச சடங்கின் பெயராகியிருக்கிறது. ஊஞ்சல் நின்றாலும் இந்தச் சடங்கு கோயிலுக்குள் இன்னும் நடக்கிறது. மாணிக்கவாசகரும் ஆண்டாளும் எந்தக் கப்பலில், யார் வாயில் ஏறி அங்கே போனார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும். அம்மா வாசலில் உட்கார்ந்து "ஆதியும் அந்தமும் இல்லா" என்று மெல்லப் பாடினார். காவலுக்கு இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பாங்காக்கில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், அரண்மனையை விட்டுவிட்டு நான் இங்கேதான் வருவேன்.

ஊஞ்சலுக்கு எதிரே வாட் சுதாத், பெரிய புத்தரும் அமைதியான பிராகாரமும் கொண்டது. கூட்டமே இருக்காது. அங்கிருந்து தங்க மலைக்குப் போகலாம். முந்நூறுக்கு மேல் படிகள், ஆனால் சரிவு இதமானது, நிழல் உண்டு, வழியெல்லாம் மணி கட்டியிருக்கும். அதன் அடிவாரத்துக்கு அருகில்தான் சேன் சேப் வாய்க்கால் படகு. அதில் ஹுவா சாங் துறையில் இறங்கினால் ஜிம் தாம்சன் வீடு. தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் அவர். 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. தேக்கு வீடு அப்படியே இருக்கிறது.

மாலையில் சிட் லோம் பிடிஎஸ் அருகே எரவான் சன்னதி. 1956இல் வைத்த நான்முகப் பிரம்மா. நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் தேட வேண்டும், அங்கே நாற்சந்தியில் வெளிச்சத்தில் இருக்கிறார். வேண்டுதல் நிறைவேறியவர்கள் பணம் கட்டி நடனம் ஆடச் சொல்வார்கள். எரவான் என்பதும் ஐராவதம்தான்.

மூன்றாம் நாள்: பூ, மாரியம்மன், சந்தை

அதிகாலையில் எழ முடிந்தால் பாக் குலோங் பூச்சந்தைக்குப் போங்கள், சனாம் சாய் எம்ஆர்டி பக்கம். இரவெல்லாம் திறந்திருக்கும். சாமந்தி மூட்டைகள், தாமரை மொட்டுக் கட்டுகள், மல்லிகை. மல்லிகைக்கு அவர்கள் சொல்வது 'மலி', கட்டிய சரத்துக்கு 'மாலை'. நம் பூக்காரம்மா கை போலவே வேகம், ஆனால் கட்டுவது இல்லை, நீளமான ஊசியில் கோத்து ஒரே அசைவில் நூலுக்குத் தள்ளுகிறார்கள்.

அந்த மாலையோடு சீலோம் வந்து மாரியம்மனைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். ஊர் மக்கள் 'வாட் கேக்' என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களுக்கும் அதே சொல். உள்ளே கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள், முழங்காலிட்டு ஊதுவத்தியோடு. நவராத்திரியில் தெருவெல்லாம் பூக்கோலம் போட்டு அம்மன் ஊர்வலம் வரும்.

சனி, ஞாயிறு என்றால் சத்துசாக் சந்தைக்கு ஒதுக்குங்கள். எம்ஆர்டி கம்பேங் பேட் நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் சந்தைக்குள்ளேயே வந்து நிற்பீர்கள். ஆயிரக்கணக்கான கடைகள், பிடித்ததை அப்போதே வாங்குங்கள், திரும்பி வந்து அதே கடையைக் கண்டுபிடிக்க முடியாது. வார நாள் என்றால் தேசிய அருங்காட்சியகம் போகலாம், திங்களும் செவ்வாயும் விடுமுறை. மாலையில் லும்பினி பூங்கா: ஏரிக்கரையில் உடும்பு வகையில் பெரிய பல்லிகள் ஆள் நீளத்துக்கு நடந்து போகும். சீண்டாமல் இருந்தால் ஒன்றும் செய்யாது. ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலிக்கும். ஓடிக்கொண்டிருப்பவர்கள்கூட அப்படியே நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள். காலை எட்டு மணிக்கு ரயில் நிலையங்களிலும் இப்படித்தான்.

இரவில் யாவ்வராத், சீனர் தெரு. வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கிச் சாப்பிட்டுக்கொண்டே நடக்க வேண்டிய இடம்.

சாப்பாடு, முக்கியமாகச் சைவம்

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, கூட்டம் நிற்கும் வண்டியில் நிற்க வேண்டியதுதான். சைவக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டியது நாம் பிளா, அதாவது மீன் சாறு. நாம் உப்பு போடுவது போல அவர்கள் எல்லாவற்றிலும் போடுகிறார்கள். பப்பாளி சாலடில் உலர்ந்த இறால் இருக்கும், காய்கறிப் பொரியலில் சிப்பிச் சாறு இருக்கும். "வெஜிடேரியன்" என்றால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். நீங்கள் சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. சீனப் பௌத்தச் சைவம், பூண்டு வெங்காயம்கூடச் சேராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். 'கின் ஜே' என்றால் ஜே சாப்பிடுகிறேன், 'மாய் சாய் நாம் பிளா' என்றால் மீன் சாறு வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவில் யாவ்வராத் முழுக்க மஞ்சள் கொடிதான்.

சோறும் சாம்பாரும் வேண்டும் என்று ஆகிவிட்டால் சீலோம் பக்கம், அல்லது பாஹுரத். பாஹுரத்தில் சீக்கியக் குருத்வாராவின் தங்கக் குவிமாடம் தெரியும். லங்கர் என்ற அவர்களுடைய பொது உணவுக் கூடத்தில் யார் போனாலும் தலையை மூடி உட்கார்ந்தால் சாப்பாடு. மார்ச் முதல் மே வரை போகிறவர்கள் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் சாப்பிடாமல் வரவேண்டாம்.

நடந்துகொள்ளும் முறை

அரசரையோ அரச குடும்பத்தையோ பற்றித் தாழ்வாக ஒரு சொல் பேசக்கூடாது, இணையத்திலும் எழுதக்கூடாது. குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தையாக இருந்தாலும். புத்தருக்கு எதிரே காலை நீட்டி உட்காரக்கூடாது. பெண்கள் துறவிகளைத் தொடவோ கையில் நேராகப் பொருள் கொடுக்கவோ கூடாது. பேசும்போது ஆண்கள் கடைசியில் 'க்ராப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்த்துக்கொண்டால் எதிரே இருப்பவர் முகம் மலரும். அவசரத்துக்குச் சுற்றுலா போலீஸ் எண் 1155.

கடைசி இரண்டு நாள்

ஒரு நாளை அயுத்தயாவுக்குக் கொடுக்கலாம். அயோத்தி பெயரில் இருந்த பழைய தலைநகர், 1767இல் பர்மியப் படை எரித்தது. வடக்கே 80 கி.மீ. போல. சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்பு மிக மலிவு, ஜன்னல் காற்றோடு போய் வரலாம். அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் காஞ்சனபுரிக்கு. ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குள் ஒரு ரயில் கிளம்பும், மூன்று மணி நேரம் போல ஆகும். பலர் இதைக் குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுக்கும் சுற்றுலா என்று நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட 415 கி.மீ. ரயில் பாதை அது, 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஏராளம். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் சொல்வது இதைத்தான்.

ஊர் நடுவே போர்வீரர் கல்லறை இருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, பூச்செடி. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அங்கே அப்படி ஒரு கல் இல்லை. பார்த்துவிட்டு அதே பாதை ரயிலில் 'நாம் டோக்' என்ற கடைசி நிலையம் வரை போங்கள், இடது பக்கம் உட்காருங்கள். தம் கிராசே என்ற இடத்தில் பாறையை ஒட்டி மரத்தூண்களின் மேல் வண்டி நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போகும். கீழே ஆறு, அந்தப் பக்கம் கை எட்டும் தூரத்தில் உளி பட்ட பாறை. நான் போனபோது பெட்டியில் எல்லோரும் கைப்பேசியை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா பூச்சந்தையில் வாங்கி மிச்சம் வைத்திருந்த மல்லிச் சரத்தைப் பையிலிருந்து எடுத்து, ஜன்னல் வழியாகக் கீழே போட்டார்.